பின்பக்கம்

விடியற்காலை ஐந்தரைக்கே கிளினிக் வாசலில் வரிசை.
மருதானைப் பக்கமிருந்து வரும் முதல் பஸ்ஸில் பாதிப்பேர் இங்கேதான் இறங்குவார்கள்.
ஒவ்வொரு கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கொப்பி,
எண்பது பக்கம், ஒற்றை ரூல்,
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
கொழும்பின் இரத்த அழுத்தம் முழுக்க
இத்தனை காலமும் பள்ளிக்கூடக் கொப்பிகளில்தான் கிடந்தது.

எனக்குத் தந்தது ஒரு திரை, கால் ஆடுகிற கதிரை,
ஆறு மாத ஒப்பந்தம்.
கொப்பியில் உள்ளதைக் கணினியில் ஏற்ற வேண்டும்,
நாளுக்கு நாற்பது பேர்.
முதல் நாள் பதினொன்றோடு கை விழுந்தது.
டொக்டர்மாரின் எழுத்தைத் திலினிதான் வாசித்துச் சொல்வாள்,
பாமசியில் ஒன்பது வருஷம் நின்றவள்.

நாற்பத்தேழாம் துண்டோடு வந்தவர் செபமாலை.
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்,
கழுத்தில் இன்னும் சாக்கு நார்.
பிறந்த திகதி?
"எண்பத்து மூண்டில வீட்டோட எரிஞ்சிட்டுது மிஸ்.
ஐடென்டியில வருஷம் மட்டும் இருக்கு."
பெட்டி வெறுமையாய் இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது.
தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று போடச் சொல்லி உத்தரவு.
அந்தக் கிழமையில் மட்டும் ஜனவரி ஒன்றில்
இருபத்தாறு பேரைப் பிறக்க வைத்திருந்தேன்.

பெயரைத் தேடினால் ஏற்கெனவே மூன்று பேர்.
எஸ்ஸில் தொடங்குகிற ஒருவர்,
சீயில் ஒருவர்,
சிங்களக் காதில் விழுந்து ஆங்கிலத்தில் எழும்பிய
சபமாலே ஒருவர்.
முதலாமவருக்குச் சீனி வருத்தம்.
இரண்டாமவர் முழங்காலுக்குக் கீழே பதினாலு தையல்.
மூன்றாமவருக்குப் பெனிசிலின் ஆகாது.
நாலாமவர் என் முன்னால் இருந்து இருமுகிறார்.

இவர்கள் ஒரே ஆளா?
கேட்கிறது திரை.
ஆம். இல்லை. வேறு பதிலுக்கு இடமில்லை.

சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டினார்,
எண்ணினேன், பதினாலு.
ஊசி போட்டு எப்போதாவது முகம் வீங்கினதா?
"ரெண்டு நாள் கண் திறக்கேல்ல மிஸ்.
அது பழைய கொப்பியில இருந்தது.
பழைய கொப்பி கொலன்னாவை வெள்ளத்தோட போச்சு."

ஆம் என்பதை அழுத்தினேன்.
பெயருக்கு மேலே சிவப்புக் கோடொன்று வந்து நின்றது.
"மூண்டாள், ஆனா ஓராள்," சிரித்தார்,
"சின்னதில ஞானோபதேசத்தில படிச்சது,
இண்டைக்குத்தான் விளங்குது."

இனி இந்த அட்டை போதும் ஐயா, கொப்பி தேவையில்லை.
எல்லோருக்கும் சொல்கிற வசனம்.
அவர் கொப்பியைத் திருப்பிப் பின்பக்கம் விரித்தார்.
பென்சிலில் மூட்டைக் கணக்கு,
கந்தையா முதலாளி தரவேண்டிய நாலாயிரத்து முந்நூறு,
குவைத்தில் மகளின் புது நம்பர்,
அதன் கீழே அடித்துவிட்ட இரண்டு பழைய நம்பர்கள்.
"இதுகளை எங்க ஏத்துவீங்க?"
நான் திரையை மேலும் கீழும் உருட்டினேன்,
சும்மா, தேடுவதுபோல.

பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி நின்றதும்தான்
இத்தனை பேர் இருமுகிறார்கள் என்று கேட்டது.
ஜெனரேட்டர் சத்திரசிகிச்சைக்கு மட்டும்.
உள்ளேயிருந்து டொக்டரின் குரல்:
கொப்பி வைத்திருக்கிறவர்கள் முதலில் வாருங்கள்!

"கொஞ்சம் நில்லுங்கோ" என்று
அவர் கொப்பியைப் பறித்துச் சிவப்புப் பேனையால்
வாய்ப்பாட்டின் மேலேயே எழுதினேன்,
தமிழில் நான், சிங்களத்தில் திலினி,
ஆங்கிலத்தில் இருவரும் எழுத்துக் கூட்டி:
பெனிசிலின் கொடுக்க வேண்டாம்.
ஏழேழு நாற்பத்தொன்பது அதற்குள் மறைந்தது.
கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வரிசையைக் கடந்து உள்ளே போனார்.

நாற்பத்தெட்டாம் துண்டு ஒரு இளம் பெண்,
இடுப்பில் பிள்ளை, கையில் அட்டை மட்டும்.
கொப்பி எங்கே என்றேன்.
பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாளாம்.
போன கிழமை
நான்தான் சொன்னேனாம்.